ஏழாம் நம்பரும் ஒரு பிடி சோறும்

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

மிக்சிக்குப் புகைவதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை. உளுந்து பாதிதான் அரைந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி, காட்டு ஓரத்தில் தனியாக நிற்கும் இந்த வீட்டில் பக்கத்து வீட்டு மிக்சிக்கு எங்கே போவது? மரக்கரண்டியால் அடித்து அடித்து வடை என்று ஒன்றைச் சுட்டேன். வீட்டுக்காரர் இசக்கிமுத்து, முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை முடிந்து வந்தார். ஒரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கொறவு வல்லி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். படையலுக்கு முன்னால் எச்சில் பண்ணிய மனுஷனை என்ன செய்ய?

பின்பக்கத்தில் அடிக்கட்டையாக நிற்கும் வெட்டுமரத்தின் மேல், தினமும் போல, அப்பாவுக்குத் தட்டு வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டேன். இந்த ஊர்க் காக்கைக்கு அதுவும் விளங்காது. நம்மூர்க் காக்கை மாதிரி கா என்று கத்தத் தெரியாமல், அடி வாங்கிய பிள்ளை போல ஆ... ஆ... என்று இழுத்து அழும். நின்று பார்த்தால் வராது என்று அக்கா சொல்லியிருப்பதால் நான் எப்போதும் உள்ளே வந்துவிடுவேன்.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் நெய் ஊற்றிய இடம் மட்டும் காலி. பருப்பும் வடையும் அப்படியே இருந்தன. அப்பாவும் அப்படித்தான். பருப்பு என்றால் தட்டைத் தள்ளிவிடுவார்.

காட்டு வேலைக்காக நிரப்பும் தினசரிப் படிவத்தில் நாலாவது கேள்வி: வீட்டுக்கு வெளியே உணவு, எச்சில் ஏதேனும் வைக்கப்பட்டதா? இல்லை என்று எழுதினேன். எச்சில் இல்லையே.

ஜூலை 26, சனி

ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு, கழுத்துப்பட்டை ரேடியோவின் சத்தத்தைத் தேடி மூன்று மணி நேரம் நடந்து, பதினோரு மணி வெயிலில் ஏழாம் நம்பரைப் பார்த்தேன். விழுந்து கிடந்த பொந்துக்கட்டை மேல் நின்று, நாக்கை நீட்டி நீட்டிக் கறையான் தின்றுகொண்டிருந்தது. வயிறு தரையைத் தொட்டது. நாலு குட்டிகளும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அக்காவுக்குப் போனில் எட்டாவது முறையாக விளக்கினேன். இது நம்பாட். கங்காரு சொந்தம்தான், ஆனால் பை கிடையாது. குட்டிகள் அம்மா வயிற்று மயிருக்குள் மடியைக் கவ்விக்கொண்டு தொங்கும். அணிலை விடப் பெரிது, முதுகில் வெள்ளைக் கோடு, ஒரு நாளைக்கு இருபதாயிரம் கறையான் சாப்பாடு. உலகத்தில் மொத்தமே இரண்டாயிரம் சொச்சம்தான் மிச்சம்.

"கறையான் திங்குமா? நம்ம நெலைக்கதவுக்கு ரெண்டு அனுப்பி வையி" என்றாள் அக்கா. பிறகு வழக்கமான கேள்வி: "காக்கா வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. தட்டு காலி."

"அதாவது செய்யுதியே."

அந்த 'அதாவது' எனக்குத்தான். போன நவம்பரில் மிருகக்காட்சி சாலையில் பிறந்த ஒன்பது நம்பாட்டுகளை இந்தக் காட்டில் விட்டோம். அதே வாரம் தூத்துக்குடியில் அப்பா போய்விட்டார். ஹெலன் விட்டிருந்தால் போய் முகத்தைப் பார்த்திருப்பேன். அவள்தான் இங்கே எனக்கு மேலதிகாரி. ஒன்பதில் இப்போது நாலுதான் உயிரோடு இருக்கிறது. இரண்டைக் கழுகு கொண்டுபோயிற்று, ஒன்றை மலைப்பாம்பு, ஒன்றை நரி. ஒன்று ஏன் செத்தது என்றே தெரியவில்லை.

ஜூலை 31, வியாழன்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு ஏழாம் நம்பருக்குப் பிஸ்கட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காட்டுப் பிராணிக்குப் பிஸ்கட்! நான் ஏழு என்றுதான் எழுதுவேன்.

இசக்கிமுத்து மட்டும் என்ன, எட்டு வருஷமாக அதே ஜோக். "நம்பாட்டா? நம்பாட்டி போட்டும், விடு." சிரிப்பும் அவரே.

மத்தியானம் சோற்றில் கை வைத்த நேரம் ஹெலன் போன் செய்து உடனே வா என்றாள். போனால் ரிசீவர் பேட்டரி எங்கே என்று கேட்கிறாள். சாப்பிடுகிறவர்களை எழுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். உப்பு லாரி முதலாளியே வாசலில் வந்து நின்றாலும், "அவுக சாப்பிட்டு முடிக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிடுவாள். அப்பா கை கழுவிய பிறகுதான் லாரி கிளம்பும்.

ஆகஸ்ட் 6, புதன்

ஏழு இன்று வயிறு ஒட்டி வந்தது. குட்டிகளை வேறொரு பொந்துக்கட்டைக்குள் இறக்கிவிட்டது. கட்டை எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு மீட்டர். இனி ஆறேழு வாரம், பகலில் அது மேயப் போகும், குட்டிகள் உள்ளே காத்திருக்கும். அது திரும்பாவிட்டால் நாலும் பட்டினியில் போகும். இந்தக் காட்டிலேயே பிறந்த முதல் குட்டிகள் இவைதான். இவை பிழைக்காவிட்டால் அடுத்த வருஷம் வேறு காடு பார்க்க வேண்டும் என்று மேலிடம் சொல்லியாயிற்று.

காலையில் டின் சாளை மீனைப் பிசைந்து அப்பாவுக்கு வைத்தேன். தட்டை நக்கி வைத்தது போலப் பளபளவென்று இருந்தது. உயிரோடு இருந்தபோதும் சாளை என்றால் இன்னொரு கரண்டி சோறு கேட்பார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாலாம் நம்பர் போய்விட்டது. கழுத்துப்பட்டையும் வாலும் மட்டும் கிடந்தன.

ஆகஸ்ட் 20, புதன்

பட்டையில் இருந்த எச்சிலைப் பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். பூனை. காட்டிலேயே பிறந்து வளரும் பூனைகள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில் திரிகின்றன. நம்பாட்டுக்கு அவைதான் எமன்.

ஹெலன் எல்லாரையும் கூப்பிட்டுக் கத்தினாள். அவரவர் வீட்டைச் சுற்றிப் பூனைத் தடம் இருக்கிறதா என்று பார்த்து எழுதச் சொன்னாள். காட்டில் எந்தத் தடம் யாருடையது என்று கண்டுபிடித்துச் சொல்கிறவள் நான்தான், எனக்கே பாடம்! எங்கள் முற்றத்தில் தடம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். காலையில் எழுந்ததும் முற்றம் கூட்டாவிட்டால் எனக்குக் காப்பி இறங்காது. கூட்டிய மணலில் தடம் எப்படி இருக்கும்?

ஆகஸ்ட் 29, வெள்ளி

கூண்டு வைக்க டக் என்று ஒருவர் வந்திருக்கிறார். பேசினால் ஒரு வார்த்தை, பேசாவிட்டால் ஒரு நாள். பொரித்த கோழி வைத்துப் பன்னிரண்டு கூண்டு. பத்து நாளில் சிக்கியது போசம் என்கிற மரப்பிராணி இரண்டு, ஒரு அரணை, டக்கின் தொப்பி.

"இது பசியில்லாத பூனை. யாரோ சோறு போடுகிறார்கள்" என்றார். பத்து நாளில் அவர் பேசிய நீளமான வாக்கியம் இது.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, வண்டியை எடுத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோதுமைப் பண்ணைக்குப் போய்விட்டேன். வளர்க்கத் தெரிந்தவர்களுக்குக் கட்டி வைக்கத் தெரியாதா என்று அந்த அம்மாளை வாசலில் நிற்க வைத்துக் கேட்டேன். அவர் என்னை உள்ளே கூட்டிப்போய்த் தன் பூனையைக் காட்டினார். பதினேழு வயது, இரண்டு கண்ணும் தெரியாது, சூடேற்றும் மெத்தை மேல் படுத்திருந்தது.

தேநீர் வேறு கொடுத்து அனுப்பினார்.

செப்டம்பர் 4, வியாழன்

ஒன்பதாம் நம்பரும். இனி இரண்டுதான்.

இசக்கிமுத்து சாப்பிடாமல் எழுந்து போனார். என்ன என்றால் ஒன்றும் இல்லை என்கிறார். காலையில் அப்பாவுக்குத் தட்டு வைக்கும்போது மட்டும், "இன்னைக்கு வைக்கணுமா வல்லி?" என்று கேட்டார். வைக்காமல்? ஆண்டுத் திவசம் வரைக்குமாவது வைக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். ஆளாளுக்கு என் பொறுமையைச் சோதிக்கிறார்கள்.

செப்டம்பர் 10, புதன்

எழுத வேண்டாம் என்று இரண்டு முறை மூடி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

ஏழின் கட்டைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரத்தில் டக் கேமரா கட்டியிருந்தார். அலுவலகத்தில் போட்டுக் காட்டினார். காலை எட்டு நாற்பது. புதருக்கு அடியில் சாம்பல் நிறப் பூனை ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறது. நல்ல கொழுத்த பூனை. தூரத்தில் ஒரு சத்தம். பூனை காதைத் தூக்கியது. மறுபடியும் அதே சத்தம். எழுந்து, முன்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, சத்தம் வந்த பக்கமாக நடந்து போயிற்று. எந்த அவசரமும் இல்லை. சாப்பாட்டு மணி கேட்ட மாணவன் போல.

அடுத்த நாளும் எட்டு நாற்பது. அதற்கடுத்த நாளும்.

"இது என்ன பறவை? இதன் குரலுக்குத்தான் பூனை போகிறது. பதிவு செய்து கூண்டில் போட்டால் சிக்கும்" என்றாள் ஹெலன். திரும்பத் திரும்பப் போட்டாள். கா... கா... கா... கா...

"வல்லி, உனக்குத்தான் எல்லாப் பறவையும் தெரியுமே?"

"தெரியவில்லை" என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

தட்டு வைக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. சோறு கிடைக்காவிட்டால் வேறு பக்கம் போய்விடும். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

முற்றமும் கூட்டவில்லை. மணலில் தடம் இருந்தது. வெட்டுமரத்தைச் சுற்றிச் சுற்றி. பழைய தடம் இல்லை, இன்றைக்கு வந்தது. எட்டு நாற்பதுக்கு வந்து காத்திருந்திருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

வேறு பக்கம் போகவில்லை. போயிருக்கிறது, ஏழின் கட்டைக்கு.

டக்கின் இன்னொரு கேமராவில் இருந்தது. பூனை கட்டையின் வாயில் தலையை விட்டு, காலையும் விட்டுத் துழாவுகிறது. பொந்து ஒடுக்கமாக இருந்ததால் எட்டவில்லை. குட்டிகள் இந்த வாரம் வெயில் காய வெளியே வர ஆரம்பிக்கும். அப்புறம் எட்ட வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டுக்கு வந்து இசக்கிமுத்துவை எழுப்பிச் சொன்னேன். தூங்குகிற மனுஷனை எழுப்பினால் சண்டைக்கு வருவார். இன்று வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, கட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"வேல முடிஞ்சு வரும்போது பாப்பேன். தட்டுல அதுதான் தின்னுட்டு கெடக்கும்."

"பாத்துட்டு ஏன் சொல்லல? நாலு, ஒம்பது ரெண்டும் போச்சே! எத்தன மாசமா பாக்கிய?"

"நாலஞ்சு மாசமிருக்கும். நீ உள்ள வந்து, 'அப்பா இன்னைக்கு நல்லா சாப்பிட்டாவ'ன்னு சொல்லுத. அந்த மொகத்தப் பாத்துட்டு, அது பூனைன்னு எப்படிச் சொல்ல வல்லி? நீயே சொல்லு."

கத்தினேன். கையில் கிடைத்த தலையணையை எறிந்தேன். அவர் மேல் படவும் இல்லை. நாலாம் நம்பரை அவர் கொல்லவில்லை. கொன்றதற்குச் சோறு போட்டு வளர்த்தது நான். பத்து மாதமாக மணலைப் பார்க்காமல் கூட்டியதும் நான்தான். எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஹெலனிடம் சொன்னேன். காக்கைக்குச் சோறு என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும். செத்துப்போன அப்பா, காக்கை, டின் சாளை என்று நான் சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரி பேசுவது மாதிரி இருந்தது.

அவள் டக்கின் பதிவை மறுபடியும் ஒரு முறை போட்டுக் கேட்டாள். கத்தியிருந்தால் தேவலை.

"அந்தப் பறவை நீதானா?"

"ஆமாம்."

"அறிக்கையில் உன் பெயரை எழுதுவேன்."

"எழுது."

"நவம்பரில் உன்னை ஊருக்குப் போ என்று மூன்று முறை சொன்னேன். டிக்கெட்டும் போடுகிறேன் என்றேன். கழுத்துப்பட்டை எல்லாம் கட்டி முடித்துவிட்டுப் போகிறேன் என்று நீதான் சொன்னாய்."

ஆமாம். நான்தான் சொன்னேன். அப்பா ஒரு வாரம் தாங்குவார் என்று நினைத்தேன். ஹெலன் விடவில்லை என்று அக்காவிடம் சொல்லி, இந்த நோட்டிலும் எழுதி, போகப் போக அதை நானும் நம்பிவிட்டேன். தாளைப் புரட்டிப் பார்த்தேன். ஜூலையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

கிளம்பும்போது ஹெலன் கேட்டாள்: "நீ கூப்பிட்டால் இன்னும் வருமா?"

செப்டம்பர் 18, வியாழன்

என் குரலைப் பதிவு செய்து கூண்டில் போட்டார்கள். பூனை வந்து, தூரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். அதற்கு ஆளையும் தெரிந்திருக்கிறது.

குட்டிகள் இரண்டு கட்டையின் வாயில் தலை நீட்டின. ஏழு பக்கத்தில் இல்லை. டக்கும் நானும் பகல் முழுக்கக் காவல் நின்றோம். அவர் பாதி சாண்ட்விச்சை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு. மகாளய அமாவாசை

நாள் பார்த்துச் செய்யவில்லை. டக்கிற்கு இன்றுதான் பெரிய கூண்டு வந்தது.

அமாவாசைக்கு மீன் ஆகாது. அக்காவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவாள். சாளை டின்னைத் திறந்து, சூடான சோற்றில் முள் நசுக்கிப் பிசைந்து, அப்பாவின் அதே தட்டில் வைத்தேன். வெட்டுமரத்தின் பக்கத்தில் கூண்டு. தட்டு கூண்டுக்குள் கடைசியில். கதவில் கயிறு கட்டி, மறுமுனையைச் சமையலறை ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தார் டக். எனக்குப் பின்னால் ஹெலன் மூச்சு விடாமல் நின்றாள். இசக்கிமுத்து தூங்கப் போகாமல் சமையலறை வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

எட்டு நாற்பது. "கா..." என்றேன். நிறுத்திவிட்டேன். இத்தனை மாதம் யாரைக் கூப்பிட்டேன், இப்போது யாரைக் கூப்பிடுகிறேன்? "மெதுவா கூப்பிடு வல்லி" என்றார் இசக்கிமுத்து. கூப்பிட்டேன். கா... கா...

புதருக்குள்ளிருந்து வந்தது. பத்து நாளில் இளைத்திருந்தது. முதல் முறையாக அதை நேரில் பார்க்கிறேன். வெட்டுமரத்தில் ஏறி முகர்ந்தது, இறங்கியது, கூண்டைச் சுற்றி வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட ஆரம்பித்தது.

"இழு" என்றாள் ஹெலன்.

நான் இழுக்கவில்லை.

"வல்லி, இழு! போய்விடும்!"

"சாப்பிடுது" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவளுக்கு என்ன விளங்கியதோ, என் கையைப் பிடித்தாள். நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இசக்கிமுத்து அவளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். டக் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையைத் தூக்காமல் தின்றது. கடைசிப் பருக்கை வரை தின்றது. அப்புறம் தட்டின் நடுவை இரண்டு முறை நக்கியது.

அப்போது இழுத்தேன்.

டக் கோணிச் சாக்கு போட்டுக் கூண்டை மூடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கே என்று தெரியும்; அங்கிருந்து எந்தப் பூனையும் திரும்புவதில்லை.

தட்டைக் கழுவி உள்ளே வைத்தேன். அதற்குப் பிறகு என்னால் நிற்க முடியவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். போன நவம்பரில் அழாததும் சேர்த்து.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அமாவாசையாயிற்றே. "காக்கா வந்துச்சா?"

"வரலக்கா. ஒரு நாளும் வரல. தட்டுல தின்னது பூனை. இன்னொண்ணும் கேளு. என்னைய யாரும் போகாதன்னு சொல்லல. நானாத்தான் வரல."

அந்தப் பக்கம் அவள் டிவியை நிறுத்துவது கேட்டது.

"பூனையா?" என்றாள். "அப்பாவுக்குப் பூனைய கண்ணுல காட்டக் கூடாதேட்டி. மீன் சட்டிய உருட்டுச்சுன்னு தெரு முழுக்க வெரட்டிட்டுப் போவாவளே."

சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை. அந்த இன்னொன்றைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

அக்டோபர் 3, வெள்ளி

பண்ணை அம்மாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மறுபடியும் தேநீர். கண் தெரியாத அந்தப் பூனை என் செருப்பை முகர்ந்துவிட்டுத் தும்மியது.

பதினொன்றரைக்குக் கட்டையில் வெயில் விழுந்தது. ஏழு முதலில் வந்தது. பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வர இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் அதை நான் திட்டாத திட்டில்லை. வந்து, மற்ற மூன்றின் மேலும் ஏறி மிதித்துக்கொண்டு போய் வெயிலில் படுத்தது. எழுதிக்கொண்டேன்: நாலு.

எட்டு நாற்பது வந்தால் இன்னும் கை தட்டைத் தேடுகிறது. பின்கதவைத் திறப்பதில்லை.

படிவம் எடுத்தேன். அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டது. என்னை வைத்துக்கொள்வார்களா என்று டிசம்பரில்தான் தெரியும். அதுவரை தினமும் நிரப்பித்தான் ஆக வேண்டும். நாலாவது கேள்வி: வீட்டுக்கு வெளியே உணவு, எச்சில் ஏதேனும் வைக்கப்பட்டதா?

இல்லை என்று எழுதினேன். எழுத ஒரு நொடி ஆயிற்று. பேனாவைக் கீழே வைக்கத்தான் நேரம் ஆயிற்று.